மாதிரி: பின்னறைச் சுவர்

செல்வமுத்து சாருக்கு,
மாடிப்படியில் நின்று நீங்கள் சொன்னது சரிதான்.
காவிரிக் கரையில் குடியிருந்துகொண்டு
ஓதம் காக்குதே என்று அழலாமா.
கூறைநாட்டில் எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது.
தண்ணி உள்ள ஊர்ம்மா, என்றீர்கள்,
ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி.

எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.
மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை.

பீரோவை நகர்த்திய அன்று
அதன் முதுகில் பச்சை, சுவரில் கருப்பு,
முகூர்த்தப் புடவையில்
காசு காசாய்ச் சாம்பல்.
துணியை உள்ளே காயப்போடுறீங்க என்றார் உங்கள் வீட்டம்மா.
ஐப்பசியில் வேறெங்கே போட?
அதை அவர் சொல்லவில்லை.
தை பிறந்ததும் ஆள் அனுப்பினீர்கள்.
ஒரே பூச்சு. வெள்ளை வெளேர்.
மாசியில் வாடகை ஐநூறு ஏறியது.
பங்குனியில் கருப்பு திரும்பி வந்து
அதே இடத்தில் உட்கார்ந்தது,
அட்வான்ஸ் கொடுத்தவனைப் போல.

ஆதிரைக்கு நாலு வயசு.
விடியற்காலை மூன்று மணிக்கு
அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனை
வழி கேட்கிறது.

நான் லேபில் வேலை பார்க்கிறவள், சார்.
ஆறரைக்கு ஊசி, அப்புறம் கண்ணாடிச் சில்லு.
நகம், தோல், படர்தாமரை
எல்லாம் சுரண்டிப் பார்த்த கை.
ஒரு நாள் சுவரைச் சுரண்டினேன்.
லென்ஸுக்குக் கீழே
கணுக்கணுவாய்க் கிளைத்து
நுனியில் துடைப்பம் துடைப்பமாய் விரிந்து
ஒவ்வொரு ஈர்க்கிலும் மணி கோத்து
சம்பாவுக்கு விட்ட நாற்றங்கால் தோற்றது.
அழகாகத்தான் இருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

லேப் தாளிலேயே அச்சடித்தேன்.
பெயர்: பின்னறைச் சுவர்.
வயது: முப்பத்தொன்று.
பால்: கோடு.
பூஞ்சை: உண்டு, மிக அதிகம்.
குறிப்பு: வெள்ளையடித்துக் குணமாகாது.
முதலாளி கேட்பாரென்று
என் பேரில் பில் போட்டு
எழுபது ரூபாய் கட்டிவிட்டேன்.

இனி ஆற்றுக்கு வருவோம்.
சித்திரையிலிருந்து சுவரில் பென்சில் கோடு போட்டு வருகிறேன்.
ஈரம் எதுவரை, தேதி, கையெழுத்து.
வைகாசியில் காவிரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
கால் நனைக்கத் தண்ணீரில்லை.
சுவர் மட்டும் நனைந்துகொண்டிருந்தது.
அந்த மாசம் நீங்கள் குடும்பத்தோடு
ஓசூரில் மகன் வீட்டுக்குப் போனீர்கள்.
நாலு நாள்.
ஈரம் நாலு விரல் பின்வாங்கியது.
ஆதிரை ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினாள்.
வந்தீர்கள். குளித்தீர்கள்.
கோட்டைத் தாண்டியது.

காவிரி பேரில் ஏற்கெனவே எத்தனையோ வழக்கு.
உங்கள் குளியலறைக் குழாயையும்
அதன் தலையில் கட்டாதீர்கள்.

அக்ரிமென்ட்டை எடுத்துப் படித்தேன்.
இருபது ரூபாய்ப் பத்திரம், பதினோரு மாசம்.
ஆணி அடிக்கக் கூடாது, அம்மி நகர்த்தக் கூடாது,
எனக்குப் பதினாலு கூடாது.
உங்களுக்கு ஒரே வரி: வாடகை பெற்றுக்கொள்வார்.
சட்டத்தில் வேறு மாதிரி இருக்கிறது.
சுவரும் சுவருக்குள் ஓடும் குழாயும்
வீட்டுக்காரர் பொறுப்பு.
கோட்டாட்சியர் ஆபீஸில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு
ஒப்பந்தம் பதிவு பண்ணலையாம்மா என்றார் கிளார்க்.
வீண் செலவு, வேண்டாம் என்றவர்
நீங்கள்தான், சார்.
மனுவை மடித்து வைத்திருக்கிறேன்.
கிழிக்கவில்லை.

காலி பண்ணிக்குங்களேன் என்பீர்கள்.
பண்ணலாம். அடுத்து வருகிறவர்களுக்கும்
ஒரு பிள்ளை இருக்கும்.

ஞாயிறு பத்து மணிக்குக் குழாய்க்கார அந்தோணிராஜ் வருவார்.
கதவைத் திறந்துவிடுங்கள், போதும்.
கூலியை அடுத்த வாடகையில் கழித்து
மீதியை முதல் தேதி, ரசீதோடு, தருவேன்.

மேட்டூர் திறந்துவிட்டார்களாம்.
ஆடிக்குள் தண்ணீர் இங்கே வந்துவிடும்.
அதற்கு முன்னால் இந்தச் சுவர் ஒரு தடவை காயட்டும்.
அப்புறம் நனைந்தால்
ஆறுதான் என்று நானே எழுதிக்
கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தையல்நாயகி,
கீழ்வீடு.
இணைப்பு: ஒன்று.